கையின் நடுக்கமும் கதிரின் நடுக்கமும்

(உருத்திரபுரத்தில் நிழற்படக் கலையில் ஆர்வமுள்ளோர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்தவர்கள் ஒரு கேள்வியையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். லென்சின் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்னச் சுவிச்சை எப்போது போட வேண்டும், எப்போது நிற்பாட்ட வேண்டும்? கேள்வி சின்னது. ஆனால் எங்கள் பகுதியில் எடுக்கப்படும் கலியாணவீட்டுப் படம், திருவிழாப் படம், வயற்படம் என்று நான் பார்த்தவற்றில் நிறையப் படங்கள் கெட்டது இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால்தான். அதனால் இன்றைய பேச்சு முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

அந்தச் சுவிச்சுக்குக் கொம்பனிக்கு ஒரு பெயர். கனன் லென்சில் ஐ.எஸ்., நிக்கொனில் வி.ஆர்., சிக்மாவில் ஓ.எஸ்., தம்ரொனில் வி.சி., சோனியில் ஓ.எஸ்.எஸ். எல்லாம் செய்வது ஒரே வேலை. நான் நடுக்கத் தடுப்பு என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

சுவிச்சில் விரல் வைக்க முன்னர் உங்களிடம் நீங்களே கேட்க வேண்டியது இதுதான்: இப்போது ஆடுவது எது? என் கையா, நான் நிற்கிற இடமா, நான் எடுக்கப்போகிற பொருளா? நடுக்கத் தடுப்பு கையின் ஆட்டத்துக்கு மருந்து. நிற்கிற இடத்தின் ஆட்டத்துக்குச் சில வேளை உதவும், சில வேளை கெடுக்கும். எதிரே இருப்பவரின் ஆட்டத்துக்கு அது ஒன்றுமே செய்யாது. நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இதன் விரிவுதான்.

லென்சுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். எவ்வளவு திடமான ஆளின் கையும் ஒரு வினாடியில் சுமார் பத்துத் தடவை மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். அது நோயல்ல, உயிருள்ள தசையின் இயல்பு. அதோடு மூச்சும் நெஞ்சின் துடிப்பும் உடம்பின் அசைவும் சேரும். லென்சுக்குள் இருக்கும் இரண்டு சிறிய உணரிகள், கமரா மேல்கீழாக எவ்வளவு சாய்கிறது, இடம்வலமாக எவ்வளவு திரும்புகிறது என்று இடைவிடாமல் அளக்கின்றன. அந்த அளவுக்கு ஏற்றபடி, கண்ணாடி வில்லைகளில் ஒரு தொகுதியை மின்காந்தங்கள் எதிர்ப்பக்கம் நகர்த்துகின்றன. தலையில் குடம் சுமந்து வரம்பில் நடக்கிற பெண்ணின் கழுத்து, காலின் குலுக்கலைக் குடத்துக்குப் போகவிடாமல் வாங்கிக்கொள்கிறதே, அதே வேலை. சில கமராக்களில் வில்லைக்குப் பதிலாகப் படத்தை வாங்கும் தகடே நகரும். 2003 இல் மினொல்ரா கொம்பனி வெளியிட்ட டிமாஜ் ஏ1 என்ற கமரா அந்த வழியைத் தொடக்கியது. 2012 இல் வந்த ஒலிம்பஸ் ஈ-எம்5 கமராவில் தகடு ஐந்து வகை அசைவுகளுக்கு ஈடுகொடுத்தது.

இந்த வித்தைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் ஜப்பானியப் பொறியியலாளர் மிட்சுஆகி ஒஷிமா. ஓடுகிற காரிலிருந்து நண்பர் எடுத்த வீடியோ குலுங்குவதைக் கண்டதிலிருந்து அவருக்கு இந்த யோசனை பிறந்தது. 1988 இல் பனசொனிக்கின் வீடியோக் கமராவில் அது விற்பனைக்கு வந்தது. நிழற்படத்துக்கு நிக்கொன் 1994 இல் ஒரு சிறிய பிலிம் கமராவில் கொண்டுவந்தது. கழற்றிப் பூட்டுகிற லென்சில் முதலில் வைத்தது கனன், 1995 இல், 75-300 மி.மீ. லென்சில். அந்த ஆண்டுகளில் வன்னியில் போருக்குள் நாங்கள் எப்படி இருந்தோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உலகத்தில் இந்த வசதி பரவிய காலத்தில் எங்களுக்குப் பற்றரிக்கே தட்டுப்பாடு. அதனால் இதைப் பற்றிய அனுபவ அறிவு எங்கள் ஸ்ரூடியோக்களில் தலைமுறையாகக் கைமாறி வரவில்லை. இப்போது உட்கார்ந்து கற்க வேண்டியிருக்கிறது.

இந்த வசதி இல்லாத காலத்தில் நல்ல படம் எடுக்கப்படவில்லையா என்று யாராவது கேட்டால், தமிழ்நாட்டு மா. கிருஷ்ணனைப் பாருங்கள் என்பேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுத்தவர். பல கமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட ஒரு பெரிய கமராவோடு காட்டுக்குள் போனார். முதலாவது நடுக்கத் தடுப்பு லென்ஸ் சந்தைக்கு வந்த மறு வருடம், 1996 இல், காலமானார். அவரிடம் இருந்த நடுக்கத் தடுப்பு அவருடைய உடம்பும் பொறுமையும்தான். அந்த உடம்புப் பழக்கம் இன்றைக்கும் வேண்டும். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்ட வேண்டும். இடக்கை லென்சை அடியிலிருந்து தாங்க வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானை இடிக்காமல் அழுத்த வேண்டும். பனையோ சுவரோ பக்கத்தில் இருந்தால் தோளைச் சாத்துங்கள். சுவிச்சு இவற்றுக்கு மேலே வருகிற உதவி.

அந்த உதவி எவ்வளவு? பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. கையில் பிடித்து எடுப்பதென்றால், லென்சின் குவிய நீளம் எவ்வளவோ, வினாடியில் அத்தனையில் ஒரு பங்காவது ஷட்டர் வேகம் இருக்க வேண்டும். 200 மி.மீ. லென்ஸ் என்றால் 1/200. உங்களில் பெரும்பாலானோர் வைத்திருக்கும் சிறிய தகட்டுக் கமராவில் இன்னும் ஒன்றரை மடங்கு, அதாவது 1/300. லென்சின் பெட்டியில் "4 ஸ்டொப்" என்று போட்டிருந்தால், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நான்கு தடவை இரட்டிப்பாக்கலாம் என்று பொருள்: 1/200, 1/100, 1/50, 1/25, கடைசியில் 1/12. பதினாறு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஜப்பானியக் கமராத் தயாரிப்பாளர் சங்கம் 2012 இல் வகுத்த பொது முறைப்படி இந்த எண்களை அளக்கிறார்கள். ஆனால் அது ஆய்வுகூடத்தில் இயந்திரம் ஆட்டி அளந்தது. வெயிலில் நடந்து வந்து, தேநீர் குடிக்காமல், கையில் இரண்டு கிலோ கமராவோடு நிற்கிற ஆளை அளந்ததல்ல. அதனால் பெட்டியில் உள்ளதில் ஒரு ஸ்டொப்பைக் கழித்துவிட்டு நம்புங்கள்.

இதில் எனக்கு வியப்பான ஒரு செய்தி உண்டு. 2016 இல் ஒலிம்பஸ் பொறியியலாளர்கள், சுமார் ஆறரை ஸ்டொப்புக்கு மேலே போவது கடினம், ஏனென்றால் பூமி சுழல்வதையே உணரிகள் கமராவின் அசைவாக எடுத்துக்கொள்கின்றன என்றார்கள். பிறகு 2020 இல் கனன், லென்சும் உடலும் சேர்ந்து 8 ஸ்டொப் என்று அறிவித்தது. இந்த உருத்திரபுரத்து மண்டபத்தில் நாம் அசையாமல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். கமராவுக்குள் இருக்கும் உணரிக்குப் பூமியின் சுழற்சி தெரிகிறது.

சரி, எப்போது போட வேண்டும்? கை ஆடுகிறது, எதிரே உள்ளது ஆடவில்லை, வெளிச்சம் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்த இடம்தான் சுவிச்சின் சொந்த இடம். உருத்திரபுரீஸ்வரர் கோயில் மாலை நேரத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெளியே வெயில் இறங்கி, விளக்கு ஏற்றி, கல்லில் அந்த மங்கல் வெளிச்சம் விழுகிற பத்து நிமிடம். அனுமதிக்கிற இடத்தில் நின்று கோபுரத்தையோ தூணையோ எடுக்கிறீர்கள். கோயிலுக்குள் ரைபொட்டை விரித்து வழியை மறிக்க முடியாது, மறிக்கவும் கூடாது. பிளாஷ் அடித்தால் அந்த வெளிச்சமே செத்துப்போகும். அங்கே சுவிச்சைப் போட்டு 1/10 இலும் எடுக்கலாம். பொத்தானைப் பாதி அழுத்தி ஒரு வினாடி பொறுங்கள். வியூபைண்டரில் காட்சி சட்டென்று அமைதியாவது கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பிறகு முழுவதும் அழுத்துங்கள். பாதி அழுத்தாமல் ஒரேயடியாக அமுக்குகிறவருக்கு நடுக்கத் தடுப்பு விழித்தெழும் முன்னமே படம் முடிந்துவிடும்.

அதே கோயிலில் சுவாமி வீதி வரும்போது கதை வேறு. காவுகிறவர்கள் நடக்கிறார்கள், தீவர்த்தி ஆடுகிறது, மேளக்காரரின் கை பறக்கிறது. அங்கே 1/10 இல் எடுத்தால் பின்னால் உள்ள மதில் கூர்மையாக இருக்கும், முன்னால் உள்ள மனிதர்கள் எல்லாம் கரைந்து போயிருப்பார்கள். சுவிச்சு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது மனிதரைப் பிடித்து நிறுத்தாது. 1/250 வேண்டும். அதற்கு ஐ.எஸ்.ஓ.வை 3200, 6400 என்று உயர்த்த வேண்டும். படத்தில் மணல்போலப் புள்ளி வருமே என்று பயப்படுகிறீர்கள். புள்ளி வந்த படத்தில் அந்த மேளக்காரரின் முகம் இருக்கும். கரைந்த படத்தில் முகமே இராது. நான் எப்போதும் புள்ளியைத் தேர்ந்தெடுப்பேன்.

இனி வயலுக்கு வருவோம். இரணைமடு நீர் பாயும் இந்த வயல்களை எடுக்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். சிறுபோகக் கதிர் முற்றுகிற ஆடி, ஆவணியில் சோளகக் காற்று ஓய்வதில்லை. வரம்பில் நின்று, 100 மி.மீ.க்கு நீட்டி, அந்தி வெளிச்சத்தில் கதிரை எடுக்கிறீர்கள். சுவிச்சு போட்டிருக்கிறது, வியூபைண்டரில் எல்லாம் அசையாமல் தெரிகிறது, தைரியமாக 1/25. வீட்டுக்கு வந்து பெருப்பித்துப் பார்த்தால் வரம்பு மண்ணின் வெடிப்புக்கூடத் தெளிவாக இருக்கிறது, கதிர்கள் மட்டும் மஞ்சள் புகையாக இருக்கின்றன. லென்ஸ் பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். லென்ஸில் பழுதில்லை. காற்று கதிரை ஆட்டியது, அவ்வளவுதான். கதிர் நிற்க வேண்டுமென்றால் 1/500 ஆவது வேண்டும். இல்லை, காற்றைத்தான் காட்ட வேண்டும், வயல் முழுவதும் அலையாக ஓடுவதைக் காட்ட வேண்டும் என்றால், அரை வினாடிக்கு இறங்குங்கள். அப்போது ரைபொட் வேண்டும். வரம்பும் தூரத்துப் பனைகளும் அசையாமல் நிற்க, நெல் மட்டும் ஓடும். சோளகத்தை வேறெப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். தெளிவில்லாத படத்தை உடனே அழிக்காதீர்கள். பெருப்பித்து நோயைப் பாருங்கள். படத்தில் உள்ள அனைத்தும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது கை. நிற்பவை தெளிந்து, அசைபவை மட்டும் கரைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதாது. முகம் மங்கி, பின்னால் உள்ள கதவு தெளிவாக இருந்தால் அது குவியப் பிழை, சுவிச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரைபொட்டில் வைத்து எடுத்த படத்தில் ஒவ்வொரு கோடும் இரட்டையாகவோ மெல்லத் தேய்ந்தோ தெரிந்தால், சுவிச்சை நிற்பாட்ட மறந்தீர்களா என்று பாருங்கள்.

அடுத்தது மாட்டுவண்டிச் சவாரி. இதைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. கிளிநொச்சிப் பக்கத்துச் சவாரித் திடல்களில் இப்போது கமராவோடு நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. வண்டி மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வினாடிக்குப் பத்து மீற்றர். 1/50 இல் எடுத்தால் ஷட்டர் திறந்து மூடுவதற்குள் வண்டி 20 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 1/1000 இல் ஒரு சென்ரிமீற்றர். 1/2000 இல் அரைச் சென்ரிமீற்றர். காளையின் நான்கு காலும் நிலத்தை விட்டு எழும்பி, வாயின் நுரை காற்றில் நிற்க, சாரதி கம்போடு முன்னே சரிந்திருக்கும் அந்தக் கணம் வேண்டுமென்றால் 1/1000 க்குக் கீழே இறங்காதீர்கள். அந்த வேகத்தில் நடுக்கத் தடுப்புக்கு வேலை கிட்டத்தட்ட இல்லை. கையின் நடுக்கம் எட்டிப்பார்க்க முன்னமே படம் முடிந்துவிடுகிறது. நான் அங்கே நிற்பாட்டி வைப்பேன். பாதி அழுத்திக் காத்திருக்கும் அந்த ஒரு வினாடியும் மிச்சம், பற்றரியும் மிச்சம். 400, 500 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவர்கள் வியூபைண்டர் ஆடாமல் இருப்பதற்காகப் போட்டு வைப்பதில் பிழையில்லை.

சவாரிக்கு இன்னொரு வழியும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். வண்டியோடு சேர்ந்து கமராவையும் திருப்பிக்கொண்டே, 1/40 அல்லது 1/60 இல் எடுப்பது. காளைகளின் முகமும் நுகமும் ஓரளவு தெளிந்து, பின்னால் நிற்கும் சனக்கூட்டம் முழுவதும் கோடுகளாக ஓடும். வேகம் படத்துக்குள் வந்துவிடும். இங்கேதான் சுவிச்சைப் பற்றிய அறிவு மிகவும் தேவை. சாதாரண நிலையில் போட்டிருந்தால் நடுக்கத் தடுப்பு நீங்கள் கமராவைத் திருப்புவதையும் நடுக்கம் என்று நினைத்து எதிர்ப்பக்கம் இழுக்கப் பார்க்கும். வியூபைண்டரில் காட்சி ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு துள்ளும். அதற்காகத்தான் பல லென்சுகளில் இரண்டாவது ஒரு சுவிச்சு, 1, 2 என்று இருக்கிறது. 2 இல் வைத்தால் பக்கவாட்டு அசைவை விட்டுவிட்டு மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் திருத்தும். நிக்கொன் லென்சுகள் பலவற்றில் சாதாரண நிலையே இந்தத் திருப்பத்தைத் தானாக உணர்ந்துகொள்ளும். விலை குறைந்த லென்சில் இப்படி ஒன்றும் இல்லையென்றால் நிற்பாட்டிவிட்டு இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிப் பழகுங்கள். கால் இரண்டையும் வண்டி உங்களுக்கு நேரே வரும் இடத்தைப் பார்த்து ஊன்றிக்கொண்டு, மேலுடம்பை மட்டும் முறுக்கி வண்டி வரும் பக்கம் திரும்பி நில்லுங்கள். வண்டி வர வர முறுக்கு அவிழட்டும். படம் எடுத்த பின்னும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். நிறையப் படம் கெடும். ஒன்று வரும்.

பறவைக்கும் இதே நியாயம்தான். சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாக்கப்பட்டு 2015 இல் தேசியப் பூங்காவானது. கனகராயன் ஆறு போய்ச் சேரும் கடல்நீரேரி அது. நீரில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரைக்குச் சுவிச்சைப் போடுங்கள். எழும்பிப் பறக்கும் பூநாரைக்கு 1/1600, 1/2000 என்று வேகத்தைக் கூட்டுங்கள். வாகனத்துக்குள் இருந்து எடுக்கிறவர்கள், சீலைப்பையில் உமியை நிரப்பித் தைத்து யன்னலில் போட்டு, அதன் மேல் லென்சைச் சாத்தினால் விலைக்கு வாங்கும் எந்தத் தாங்கியும் தோற்றுவிடும். எஞ்சினை நிற்பாட்டச் சொல்லுங்கள். எஞ்சின் நடுக்கம் கையின் நடுக்கம் போன்றதல்ல, மிகவும் வேகமானது. சாதாரண நிலை அதைச் சமாளிக்காது. வள்ளத்தில் போகிறவர்களுக்கும் ஓடுகிற வாகனத்தில் இருப்பவர்களுக்கும் என்றே நிக்கொனில் அக்ரிவ் என்று ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். அதை நிலத்தில் நின்று எடுக்கும்போது பாவிக்க வேண்டாம்.

இப்போது ரைபொட். ரைபொட்டில் பூட்டினால் சுவிச்சை நிற்பாட்டுங்கள். கமரா அசையாமல் இருக்கும்போதும் உணரிகள் மிகச் சிறிய பிழைகளோடுதான் அளக்கின்றன. இல்லாத அசைவை இருப்பதாக எண்ணி, வில்லையை மெல்ல நகர்த்தும். அரை வினாடி, இரண்டு வினாடி என்று திறந்திருக்கும் படத்தில் அது தேய்மானமாகத் தெரியும். 1999 இல் வந்த கனனின் பெரிய வெள்ளை லென்சுகளிலிருந்து, ரைபொட்டைத் தாமே உணரும் லென்சுகள் வரத் தொடங்கின. புதிய கமராக்கள் பலவும் உணர்கின்றன. ஆனால் எங்கள் ஊருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து யாரோ பாவித்துவிட்டு அனுப்பிய லென்ஸ். அது எந்தக் காலத்தது என்று தெரியாதவரை நிற்பாட்டுவதே பத்திரம். ஒற்றைக்கால் தாங்கியில் சுவிச்சைப் போட்டு வைக்கலாம். பாலத்தில் ரைபொட்டை நாட்டி, லொறி போகும்போது அதிர்ந்தால், போட்டும் நிற்பாட்டியும் இரண்டு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரைபொட்டைச் சொன்னதற்கு எனக்கு ஒரு பெரிய காரணம் இருக்கிறது. இந்தக் கிராமங்கள் போரால் 1996 இலும் 2008 இலும் இடம்பெயர்ந்தன. வீட்டில் இருந்த அல்பங்களை எல்லோராலும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. தூக்கிப் போனவர்களும் எங்கோ ஓரிடத்தில் இறக்கி வைக்க வேண்டி வந்தது. 2009 க்கு முந்திய ஒரு படம்கூட இல்லாத வீடு இன்றும் இங்கே இருக்கிறது. தகப்பனின் படம் வேண்டுமென்று அடையாள அட்டையில் உள்ள சின்னப் படத்தைப் பெருப்பிக்கக் கொண்டுவருகிறார்கள். மழை நனைந்து கண்ணாடியோடு ஒட்டிப்போன கலியாணப் படத்தைக் கொண்டுவருகிறார்கள். கமரா வைத்திருக்கும் உங்களிடம்தான் அவர்கள் வருவார்கள். இந்த வேலையைச் சரியாகச் செய்யத் தெரிந்திருப்பது உங்கள் கடமை என்று நான் நினைக்கிறேன்.

எப்படிச் செய்வது? கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரிக்காதீர்கள். உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலாகவே எடுங்கள். வெயில் நேரே விழாத யன்னல் பக்கத்தில் மேசையைப் போட்டு, படத்தைத் தட்டையாக வைத்து, கமராவை ரைபொட்டில் கீழ்நோக்கிப் பூட்டுங்கள். கமராவும் படமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கிறதா என்று பார்க்க, படத்தின் நடுவில் ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். வியூபைண்டரின் நடுவில் உங்கள் லென்சின் வட்டமே தெரிந்தால் சரி. பிறகு அந்த முகம்பார்க்கும் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8. அந்த வெளிச்சத்தில் ஷட்டர் கால் வினாடியோ அரை வினாடியோ கேட்கும், கேட்கட்டும். நடுக்கத் தடுப்பை நிற்பாட்டுங்கள். கையால் அழுத்தாமல் இரண்டு வினாடி ரைமரில் விடுங்கள். அறையில் யாரும் நடக்க வேண்டாம், சீமெந்து நிலமானாலும் அதிரும். அடையாள அட்டையின் படம் ஒரு பெருவிரல் நகத்தளவு. அதில் ஒரு மயிரளவு தேய்ந்தாலும் பெருப்பிக்கும்போது கண் இராது. வாங்கின படத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். எடுத்ததை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.

உயிரோடு இருக்கும் அம்மம்மாவையும் அப்பப்பாவையும் படம் எடுப்பதும் இதே அளவு முக்கியம். விறாந்தையில், ஓலைத் தட்டி வழியாக வரும் வெளிச்சத்தில் இருத்தி எடுக்கிறீர்கள். அவர் அசையாமல் இருப்பதாகத் தெரியும், சுவிச்சு இருக்கிறதே என்று 1/15 க்கு இறங்குவீர்கள். முதியவரின் தலை மெல்ல ஆடும், கண் இமைக்கும், உதடு ஏதோ சொல்ல வரும். 1/125 க்குக் குறையாதீர்கள். இதற்குப் புதிய நடுக்கத் தடுப்பு லென்ஸ் வாங்கலாமா என்று கேட்கும் தம்பிமாருக்கு என் பதில்: முதலில் ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்கள். அதில் பெரும்பாலும் இந்தச் சுவிச்சே இராது. பரவாயில்லை. கமராவோடு வந்த லென்சில் எஃப் 5.6 இல் 1/30 தான் கிடைக்கும் என்றால், அதே வெளிச்சத்தில் எஃப் 1.8 இல் ஏறத்தாழ 1/300 கிடைக்கும். கையையும் நிறுத்தும், ஆளையும் நிறுத்தும். மனிதரை எடுப்பவருக்கு அகன்ற துவாரம் சுவிச்சை விடப் பெரிய செல்வம்.

கைத்தொலைபேசி பாவிப்பவர்களும் இருக்கிறீர்கள். 2012 இல் நொக்கியா லூமியா 920 இல் வந்தது முதல், விலை கூடிய போன்கள் பலவற்றில் உண்மையாகவே வில்லை அசையும் நடுக்கத் தடுப்பு இருக்கிறது. விலை குறைந்தவற்றில் ஓரங்களை வெட்டி மென்பொருளால் சமாளிக்கிறார்கள். வீடியோவுக்கு அது உதவும், இருட்டில் எடுக்கும் படத்துக்கு உதவாது. ஒரு முக்கியமான எச்சரிக்கை: 2021 இல் அப்பிள் கொம்பனியே, வலுக்கூடிய மோட்டார்சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு நீண்ட நேரம் பட்டால் ஐபோனின் இந்த உறுப்புப் பழுதாகலாம் என்று அறிவித்தது. ஹான்டிலில் போனைப் பூட்டிக்கொண்டு பரந்தனிலிருந்து பூநகரி மட்டும் ஓடுகிறவர்கள் சட்டைப்பையில் வையுங்கள். லென்சையும் அப்படித்தான். மோட்டார்சைக்கிளில் கொண்டுபோகும்போது சுவிச்சை நிற்பாட்டி, கமராவை ஓவ் செய்து, ஒரு வினாடி கழித்தே லென்சைக் கழற்றி, துவாயில் சுற்றி முதுகுப்பையில் போடுங்கள். பாவித்த லென்சை வாங்கும்போது மெல்லக் குலுக்கினால் உள்ளே கிலுகிலுவென்று சத்தம் கேட்கலாம். மின்சாரம் இல்லாதபோது அந்த வில்லைத் தொகுதி தளர்ந்திருப்பதால் பல லென்சுகளில் அது இயல்பு. அதற்காகப் பயந்து நல்ல லென்சை விட்டுவிட வேண்டாம்.

இனி வெளியே போவோம். வாய்க்கால் கட்டில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரே இடத்தில் நின்று, மதகில் எழுதியிருக்கும் எழுத்தைக் குறிவைத்து, 1/125 இல் தொடங்கி 1/60, 1/30, 1/15, 1/8 என்று இறங்கி எடுங்கள். ஒவ்வொரு வேகத்திலும் சுவிச்சைப் போட்டு ஐந்து, நிற்பாட்டி ஐந்து. பிறகு முழு அளவுக்குப் பெருப்பித்து, ஐந்தில் எத்தனை தெளிவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கை எந்த வேகம்வரை தாங்கும் என்று லென்சின் பெட்டி சொல்லாது, அந்தத் தாள் சொல்லும். ரைபொட் கொண்டுவந்தவர்கள் கடைசியில் ஒரு வினாடிப் படத்தை இரண்டு விதமாகவும் எடுத்து எனக்குக் காட்டுங்கள். கமரா இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவருடையதை வாங்கிக்கொள்ளலாம்.